ஸகாத் கொப்பியும் வரிக் கோப்பும்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இருக்கும் பழைய மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் அயலவர்களுக்கும் இதை எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். இஷா முடிந்து ஆறுதலாக இருந்து வாசியுங்கள். முஸ்லிம் அல்லாத நண்பர்களும் வாசியுங்கள். ஸகாத் பற்றிய பகுதியைத் தவிர மற்றதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

உயர்தரம் முடித்த பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் காலத்தில் பெற்றோர் பாடசாலைக்குக் கடிதம் கேட்டு வருவார்கள். பிள்ளையின் பெறுபேறு பற்றிய கடிதத்தை நாங்கள் கொடுத்துவிடலாம். சிக்கல் தகப்பனின் பக்கம் வருகிறது. விசாவுக்கு வருமான ஆதாரம் கேட்கிறார்கள். இருபது வருடம் கடை நடத்தியவர், வங்கியில் காசும் இருக்கிறது. ஆனால் அந்தக் காசு எப்படி வந்தது என்று சொல்ல ஒரு தாள் இல்லை. "சேர், இந்த டேக்ஸ் விஷயத்தை இப்ப என்ன செய்யலாம்?" என்று மெதுவாகக் கேட்பார்கள். சில நேரம் அதே கேள்வி ஜனாஸா நடந்த வீட்டிலிருந்து வரும். வாப்பாவின் மேசை லாச்சியில் உடைக்காத கடித உறைகள் இருந்திருக்கும். மகனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே பயம்.

நாங்கள் கணக்காளர்கள் அல்ல, சட்டத்தரணிகளும் அல்ல. படிப்பிக்கிறவர்கள். ஆனால் ஊரில் பலர் பழைய வரியைப் பற்றி நம்பிக்கொண்டிருப்பதில் பாதி பிழை, மீதி பயம் என்று எங்களுக்குத் தெரிகிறது. எங்கள் அபிப்பிராயம் இதுதான்: மறைந்திருப்பதையும் மன்னிப்புச் சட்டம் வரும் என்று காத்திருப்பதையும் விட, தானாகப் போய்ப் பழைய ஆண்டுகளின் கணக்கைக் கொடுப்பது காசுக்கும் மலிவு, மார்க்கத்துக்கும் நெருக்கம். ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் எல்லோரும் சொல்லும் அந்த வசனம். "நாங்க ஸகாத் குடுக்கிறம்தானே, பிறகென்ன வரி?"

ஸகாத் யாருக்குப் போக வேண்டும் என்பதை சூரா தவ்பாவின் 60ஆம் வசனம் எட்டுப் பிரிவாகச் சொல்லிவிட்டது. காலி வீதிக்குத் தார் போடுவது, தேசிய வைத்தியசாலைக்கு மருந்து வாங்குவது, எங்கள் சம்பளம், 1945 முதல் இந்த நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் இலவசக் கல்வி ஆகியவை அந்த எட்டில் வராது. இவற்றுக்கு வேறு காசு வேண்டும். பொதுக் கருவூலம் வெறுமையாக இருக்கும்போது வசதியுள்ளவர்களிடம் வரி எடுக்க ஆட்சியாளருக்கு இடமுண்டு என்று இமாம் கஸ்ஸாலியும் பிறகு இமாம் ஷாத்திபியும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் ஸகாத் பற்றி மிகப் பெரிய நூல் எழுதிய யூஸுப் அல்கர்ளாவியும், ஸகாத் வேறு, வரி வேறு, ஒன்று மற்றதுக்கு ஈடாகாது என்ற பக்கம்தான் நிற்கிறார். வரி பற்றி உலமாக்களிடம் மாற்றுக் கருத்துகளும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் இந்த வசனத்தைச் சொல்கிற அநேகமானவர்கள் அந்தக் கிதாபுகளைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நோன்பு 27க்கு முன் கடையில் உள்ள சரக்கு, கையில் உள்ள சல்லி, வர வேண்டிய கடன், கொடுக்க வேண்டிய கடன் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி இரண்டரை வீதம் கணக்குப் பார்ப்பவர் எத்தனையோ பேர். மாஷா அல்லாஹ். அந்தக் கொப்பி இருப்பவர் "எங்களிடம் கணக்கு இல்லை" என்று சொல்ல முடியாது. போன ரமழான் சரக்கு எவ்வளவு, இந்த ரமழான் எவ்வளவு என்று தெரிந்தால் வருட இலாபத்தின் பாதிக் கதை தெரிந்துவிட்டது. அல்லாஹ்வுக்குக் கணக்குக் காட்டிய அதே கொப்பியை அரசாங்கத்துக்குக் காட்ட மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

நடுக்கத்துக்குக் காரணம் தொகை பற்றிய பயம். பத்து வருடம் கட்டவில்லை, இப்போது போனால் கடையையே எழுதி வாங்கிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். ஆகவே சாதாரணக் கூட்டல் கழித்தல் ஒன்றைப் பார்ப்போம்.

எங்கள் நாட்டில் வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடிகிறது. ஹம்டன் லேன் பக்கம் ஒரு தையல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை வாடகை, துணி, நூல், பெடியனின் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் போக மாதம் 150,000 ரூபா மிஞ்சுகிறது. வருடத்துக்கு 18 இலட்சம். 2025 ஏப்ரல் 1க்குப் பிறகு அவருக்கு வருமான வரி பூச்சியம், ஏனென்றால் வரி விலக்கு எல்லை 18 இலட்சமாக உயர்ந்துவிட்டது. 2023/24, 2024/25 இரண்டிலும் எல்லை 12 இலட்சம். மேலதிகமான 6 இலட்சத்தில் முதல் 5 இலட்சத்துக்கு 6 வீதம் 30,000, மிச்சம் ஒரு இலட்சத்துக்கு 12 வீதம் 12,000. ஆக, வருடத்துக்கு 42,000 ரூபா. அதற்கு முன் 2020/21, 2021/22 ஆண்டுகளில் எல்லை 30 இலட்சமாக இருந்தது. அந்த இரண்டு வருடமும் இதே வருமானம் என்றாலும் அவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. இடையில் உள்ள 2022/23 மட்டும் டிசம்பர் வரை ஒரு விதம், ஜனவரி முதல் இன்னொரு விதம் என்று இரண்டாகப் பிரிகிறது. இன்னும் பின்னால் 2018/19க்குப் போனால் எல்லை 5 இலட்சம் மட்டுமே, வீதங்களும் வேறு. இன்று சம்பாதிப்பதையே அன்றும் சம்பாதித்திருந்தால் 84,000 வரும். ஆனால் அன்று அவர் இவ்வளவா சம்பாதித்தார்? 2022க்கு முந்திய ரூபாவில் அவருடைய வருமானம் இதில் பாதியும் இருந்திருக்காது.

பத்து வருடக் கடன் என்று மனதில் மலையாக நின்றது, ஆண்டு ஆண்டாகப் பிரித்தால் இப்படிச் சுருங்குகிறது. எல்லோருக்கும் சுருங்கும் என்று சொல்ல மாட்டோம். மாதம் 10 இலட்சம் இலாபம் காணும் மொத்த வியாபாரிக்கு இது வேறு கதை, அவர் தகுதியான கணக்காளரிடம் போகட்டும். அவரால் அதற்குக் கூலி கொடுக்கவும் முடியும். எங்கள் கவலை நடுவில் இருக்கும் சின்னவர்களைப் பற்றியது.

ஏனென்றால் சின்னவரைத்தான் தண்டப்பணம் விழுங்குகிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் விவரத்திரட்டைக் கொடுக்காமல் விட்டதற்கான தண்டம் இரண்டு விதமாகக் கணக்கிடப்படுகிறது. ஒன்று, கட்ட வேண்டிய வரியில் 5 வீதமும் தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 1 வீதமும். மற்றது, 50,000 ரூபாவும் ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 10,000 ரூபாவும். இரண்டில் எது கூடவோ அதுதான் தண்டம், உச்சம் 400,000. வரி ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டியதை எங்கள் தையல்காரர் 12 மாதம் தாமதித்துவிட்டார் என்றால், முதல் கணக்கில் 7,140 ரூபா. இரண்டாவது கணக்கில் 170,000 ரூபா. வரி 42,000, தண்டம் அதைப் போல் நான்கு மடங்கு. பெரிய முதலாளிக்கு 50,000 ஒரு விருந்துச் செலவு. இவருக்கு அது மகளின் ஒரு வருட வகுப்புக் கட்டணம். இந்தச் சட்டம் சின்னவர் மேல் பாரமாக இறங்குகிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம். அதை மாற்றக் கேட்க வேண்டியதுதான். ஆனால் மாறும் வரை அது மாதாமாதம் ஓடுகிற மீட்டர். "காசு சேர்ந்த பிறகு போகலாம்" என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கட்டுவதற்குக் காசு இல்லாவிட்டாலும் விவரத்திரட்டைக் கொடுத்துவிட்டால் இந்த மீட்டர் நிற்கும். கட்டாத தொகைக்கு வேறு தண்டமும் வட்டியும் உண்டு, அது வேறு மீட்டர். அதையும் நிறுத்தக் கூடிய சீக்கிரம் கட்ட வேண்டும். முழுவதும் ஒரேயடியாக முடியாதவர் தவணையில் கட்ட ஆணையாளர் நாயகத்திடம் எழுத்துமூலம் அவகாசம் கேட்கலாம், சட்டத்தில் இடமுண்டு. தண்டத்தைக் குறைக்கச் சொல்லியும் காரணம் காட்டி எழுதுங்கள். கேட்பதில் நட்டமில்லை.

வட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. "தாமதத்துக்கு வட்டி போடுறாங்க, வட்டி குடுக்கிறது ஹராம், அதனால நான் கட்ட மாட்டன்" என்று ஒரு நானா மிகவும் பேணுதலாகச் சொன்னார். அந்த வட்டி மாதம் ஒன்றரை வீதம். கட்டாமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அது கூடிக்கொண்டு போகிறது. வட்டிக்குப் பயந்தவர் செய்ய வேண்டியது நாளைக் காலையே போய் அசலைக் கட்டுவது.

டியூஷன் எடுக்கும் எங்கள் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளவத்தையில் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வகுப்பு நடக்காத ஒழுங்கை இல்லை. "எனக்குச் சம்பளத்தில் வரி கழிக்கிறார்கள்" அல்லது "என் சம்பளம் எல்லைக்குக் கீழே" என்பதோடு கதை முடியாது. சம்பளமும் வகுப்பு வருமானமும் ஒன்றாகச் சேர்ந்துதான் 18 இலட்சம் என்ற எல்லையைச் சந்திக்கின்றன. சம்பளத்துக்கு ஓர் எல்லை, டியூஷனுக்கு இன்னோர் எல்லை என்று இரண்டு கிடையாது. வகுப்பு நடத்தும் நிறுவனம் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் கொடுத்தால் 5 வீதம் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள், அது உங்கள் வரியில் கழிபடும். மண்டப வாடகை, நோட்ஸ் அச்சடித்த செலவு, உதவியாளரின் கூலி ஆகியவற்றையும் கழிக்கலாம். வீட்டுச் செலவைக் கழிக்க முடியாது. வீட்டிலிருந்து வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு கம்ப்யூட்டர் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர்களும் கவனியுங்கள். வங்கி வழியாக வந்த வெளிநாட்டுப் பணத்துக்கு இருந்த விலக்கு 2025 மார்ச் 31உடன் முடிந்தது. இப்போது அதற்கு உச்சம் 15 வீதம்.

வீட்டில் சமைத்து விற்கும், தைத்து விற்கும் சகோதரிகள் பலர் கேட்கிறார்கள், இது கணவரின் கணக்கில் சேருமா என்று. சேராது. மனைவியின் வருமானம் மனைவியுடையது. மார்க்கத்திலும் அப்படித்தான், இந்தச் சட்டத்திலும் அப்படித்தான். அவருக்கென்று தனி எல்லை உண்டு. வட்டிலாப்பமும் பிரியாணிச் சஹனும் விற்று மாதம் 60,000 மிச்சம் பிடிப்பவர் இன்றைய எல்லைக்கு வெகு கீழே இருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கணவர் தன் கடையின் இலாபத்தில் பாதியை மனைவி பெயரில் எழுதி எல்லையை இரண்டாக்கப் பார்ப்பது வேறு. அதற்குப் பெயர் பொய்.

இனி வேலையின் கடினமான பகுதி: கொப்பி இல்லாதவர் பழைய ஆண்டுகளின் கணக்கை எப்படி எழுதுவது?

வங்கியிலிருந்து தொடங்க வேண்டும். பழைய ஸ்டேட்மெண்ட் கேட்டு விண்ணப்பித்தால் கிடைக்கும், கட்டணம் எடுப்பார்கள். அதைக் கையில் எடுத்ததும் பலருக்கு மயக்கம் வரும், ஏனென்றால் ஒரு வருடத்தில் 60 இலட்சம் உள்ளே வந்திருக்கும். நான் இவ்வளவா சம்பாதித்தேன் என்று திகைப்பார்கள். இல்லை. வந்த காசெல்லாம் வருமானம் அல்ல. விற்பனைக் காசில் பெரும்பகுதி புறக்கோட்டை மொத்தக் கடைக்கே திரும்பிப் போயிருக்கும். சீட்டு எடுத்த மாதம் ஒரு பெரிய தொகை வந்திருக்கும், அது உங்கள் காசே உங்களிடம் திரும்பியது. கட்டாரிலிருந்து மகன் அனுப்பியது உங்கள் வருமானம் அல்ல. மச்சானின் காணி விற்ற காசு இரண்டு நாள் உங்கள் கணக்கில் தங்கிப் போயிருக்கலாம். நகை அடகு வைத்தது, கைமாற்று வாங்கியது, ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றியது என்று எத்தனையோ. ஒவ்வொரு பெரிய வரவுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சொல் எழுதுங்கள்: சீட்டு, மகன், கடன், விற்பனை. ஞாபகம் வராததற்குக் கேள்விக்குறி போடுங்கள். ஒரே இருப்பில் முடியாது. நான்கைந்து சனி ஞாயிறு எடுக்கும். பழைய வாட்ஸ்அப் செய்தியில் ஓடர் இருக்கும், மொத்தக் கடைக்காரரிடம் உங்கள் பெயரில் லெட்ஜர் இருக்கும், வீட்டுக்காரரிடம் வாடகைப் பற்றுச்சீட்டு இருக்கும். ஹஜ்ஜுக்குப் போன வருடம், மகளின் கல்யாண வருடம் என்று மனைவிதான் சரியாக ஞாபகம் வைத்திருப்பார். அவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு எழுதுங்கள்.

இதை நீங்கள் எழுதாவிட்டால் இன்னொருவர் எழுதுவார். விவரத்திரட்டுக் கொடுக்காதவருக்குத் தன்னிடம் உள்ள தகவலை வைத்து வரியைத் தானே மதிப்பிட திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. சீட்டும் மகனும் மச்சானின் காணியும் அந்த உத்தியோகத்தருக்குத் தெரியாது. அவர் காண்பது 60 இலட்சத்தைத்தான். அப்படி ஒரு மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால் 30 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். வந்த கடிதத்தை உடைக்காமல் லாச்சியில் வைத்த வீட்டில் அந்த 30 நாளும் லாச்சியிலேயே போய்விடும். கடிதம் சிங்களத்தில் இருந்தால் தமிழில் தரும்படி கேளுங்கள், அரசோடு தமிழில் தொடர்புகொள்வது உங்கள் அரசியலமைப்பு உரிமை. காத்திருக்க நேரமில்லையென்றால் அயலில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும்.

"கன வருடம் போனால் கேட்க மாட்டார்கள், காலாவதியாகிவிடும்" என்று ஒரு கதை ஜம்பட்டா வீதியிலும் உலாவுகிறது, புறக்கோட்டையிலும் உலாவுகிறது. திணைக்களம் ஒருவரின் கணக்கைத் திரும்பத் தோண்டுவதற்குக் காலவரையறை உண்டு, உண்மைதான். ஆனால் அந்தக் காலம் விவரத்திரட்டுக் கொடுத்த நாளிலிருந்து எண்ணப்படுவது. கொடுத்தவருக்குத்தான் அந்த நிழல். கொடுக்காதவருக்கு எண்ணிக்கை தொடங்கவே இல்லை.

அடுத்தது மன்னிப்புச் சட்டம். இதை எதிர்பார்த்தே சிலர் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் இந்த நாடு அப்படிப் பழக்கியிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வரி கட்டாதவர்களுக்குப் பெரிய மன்னிப்புக் கொடுத்தது. கடும் எதிர்ப்பு வந்தது. அடுத்த வருடமே, 2004இல், இன்னொரு சட்டம் கொண்டுவந்து அதைச் சுருட்டினார்கள். 2021இல் 18ஆம் இலக்க நிதிச் சட்டம் மறைத்த சொத்தை வெளிப்படுத்துபவர்களுக்கு 1 வீத வரியோடு வழிவிட்டது. இவற்றால் யாருக்கு ஆறுதல் கிடைத்தது? கோடிக் கணக்கில் மறைத்து, சட்டத்தரணி வைத்துப் பத்திரம் எழுதத் தெரிந்தவர்களுக்கு. ஒழுங்காகக் கட்டியவர் ஏமாளியானார். சின்னக் கடைக்காரருக்கு அப்படி ஒரு சட்டம் வந்து போனதே தெரியாது. அடுத்தது எப்போது வரும், வருமா, வந்தால் உங்களுக்குப் பொருந்துமா என்று யாருக்கும் தெரியாது. மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

கோபம் இருப்பது நியாயம். "கள்ளன்களுக்கா வரி கட்டச் சொல்றீங்க?" என்று கேட்பவரிடம் எங்களுக்கு உடனே பதில் வருவதில்லை. 2019 கடைசியில் வரிகளைக் கண்மூடி வெட்டினார்கள். வற் 15இலிருந்து 8 வீதமானது. 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கு 50 ரூபாவாக இருந்த வரி 25 சதமானது, கடையில் சீனி விலை குறைந்ததை நாங்கள் யாரும் காணவில்லை. 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோம். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், அன்று நாட்டை நடத்திய முன்னாள் ஜனாதிபதி, பிரதமர், நிதியமைச்சர் உட்பட்டவர்கள் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. இதையெல்லாம் மறக்கச் சொல்லவில்லை.

ஆனால் நாங்கள் கட்டாமல் விட்டதை யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். 2024 ஜனவரி முதல் வற் 18 வீதம். புறக்கோட்டையில் மூட்டை தூக்கிவிட்டு கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வீட்டுக்குத் திரும்புபவர் சவர்க்காரத்துக்கும் போன் கார்டுக்கும் அதைக் கட்டுகிறார். அவரால் மறைக்க முடியாது, அவரிடம் யாரும் விவரத்திரட்டுக் கேட்பதுமில்லை. வருமானத்திலிருந்து வர வேண்டியது வராதபோது அரசாங்கம் கை வைப்பது அவருடைய சட்டைப் பையில்தான். மந்திரிமாரைப் பழிவாங்குவதாக நினைத்துக்கொண்டு பழிவாங்குவது அவரை.

பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. அரச காரியாலயம் ஒன்றில் பெயரும் விலாசமும் கொடுப்பதென்றால் வெள்ளவத்தைத் தமிழ்ச் சனத்துக்கு 83இன் ஞாபகம் இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் வீடுகளிலும் அந்தப் பயம் வந்தது. பட்டியல்களில் பெயர் இருப்பது நல்லதல்ல என்று பெரியவர்கள் படித்த பாடம் லேசில் போகாது. ஆனால் இந்தப் பட்டியலில் நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள். வாகனம், காணி, வங்கிக் கணக்கு எல்லாம் அடையாள அட்டை இலக்கத்தோடுதான் இருக்கின்றன. 2024இலிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் வரி இலக்கம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். டின் நம்பர் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்று ஒரு பதற்றம் அப்போது பரவியது, அது பிழை. இலக்கம் வேறு, வரி வேறு. ஆனால் உங்கள் பெயரில் கோப்புத் திறந்து விவரத்திரட்டுக் கேட்டிருந்தால், வரி பூச்சியமானாலும் பதில் கொடுங்கள்.

கடைசியாக, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம். ஜனாஸாத் தொழுகைக்கு முன் "மையித்துக்கு யாராவது கடன் கொடுத்திருந்தால் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள்" என்று எங்கள் பள்ளிகளில் அறிவிப்பதைக் கேட்டிருக்கிறீர்கள். கடனோடு கொண்டுவரப்பட்ட ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்கத் தயங்கியதும், அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தன் பொறுப்பில் எடுத்த பிறகு தொழுவித்ததும் எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ஹதீஸ். சூரா நிஸாவில் வாரிசுப் பங்குகளைச் சொல்லும் வசனங்களும் மரண சாசனமும் கடனும் போன பிறகே பங்கு என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி எங்கள் சொத்துகள் இந்த ஒழுங்கில்தான் பிரிகின்றன. பள்ளியில் அந்த அறிவிப்புச் சொல்லப்படும்போது திணைக்களத்திலிருந்து ஒருவரும் எழுந்து நிற்க மாட்டார். ஆனால் கோப்பு இருக்கும். வாப்பா விட்டுப்போன கடையை மகன் தன் பெயருக்கு மாற்றப் போகும் நாளில், தங்கைமாரின் பங்கைப் பிரிக்கும் நாளில் அது வெளியே வரும். சீட்டு எது, விற்பனை எது என்று சொல்லத் தெரிந்த ஒரேயொரு மனிதர் அப்போது இருக்க மாட்டார். இத்தாவில் இருக்கும் உம்மாவிடம் போய் ஏழு வருடத்துக்கு முன் வந்த நான்கு இலட்சம் யாருடையது என்று கேட்க வேண்டி வரும்.

இந்த வேலையை அவரவர் உயிரோடும் ஞாபகத்தோடும் இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

காரியாலயம் கொம்பனித்தெருப் பக்கம், சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில். (சினிமா தியேட்டர் கட்டிப் பெயர் எடுத்த நம்மவர் ஒருவரின் பெயரில் உள்ள வீதி என்பது பலருக்குத் தெரியாது.) தொலைபேசியில் 1944. "உள்ளே எனக்கு ஆள் இருக்கு, முடிச்சுத் தாறன்" என்று சொல்லும் தரகரிடம் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். கட்டும் காசு வங்கி வழியாக உங்கள் இலக்கத்துக்கே போக வேண்டும், பற்றுச்சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பரீட்சைத் தாள் திருத்தும் வேலை முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நாங்கள் சிலர் இருக்கிறோம். ஒரு வருட ஸ்டேட்மெண்டும் ஒரு பென்சிலும் கொண்டு வாருங்கள். வரி ஆலோசனை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை, சொல்லவும் மாட்டோம். எது சீட்டு, எது விற்பனை என்று பிரித்துக் கூட்டி, கணக்காளரிடம் கொண்டுபோகக்கூடிய ஒரு தாளாக எழுத உதவுவோம். கட்டணம் இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று வெளியில் கதைக்கவும் மாட்டோம். வர விருப்பமானவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். நவம்பர் 30க்கு முதல் வந்தால் நல்லது, அதற்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை.